ஸ்கிம்மர் வாங்காமல் ஒரு பவளத் தொட்டி

பருப்பு கொதித்து வரும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்துக் கொட்டுவோமே, புரோட்டீன் ஸ்கிம்மர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஒரு குழாய்க்குள் உப்புத் தண்ணீரோடு பொடிப்பொடியான காற்றுக் குமிழிகளைக் கலக்குகிறது. மீன் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, பவளம் உமிழும் கோழை எல்லாவற்றிலிருந்தும் கரைந்து வரும் புரதமும் கொழுப்பும் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, கோப்பையில் பழுப்புக் கஷாயமாகத் தேங்குகின்றன. நாற்றம் சகிக்காது. அவ்வளவும் தொட்டிக்குள் அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது, அதுதான் அந்தக் கருவியின் பெருமை.

அது இல்லாமல் கடல் தொட்டி வைக்கவே முடியாது என்று கடையில் சொல்வார்கள். முடியும். இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961-லேயே ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதிவிட்டார். கடல் தண்ணீர், உயிர்கள் குடியிருக்கும் பாறை, கொஞ்சம் காற்றுக் குமிழி. அவ்வளவுதான் அவருடைய கருவிகள். சென்னையில் எங்கள் வீட்டு 100 லிட்டர் தொட்டியும் ஆறாவது வருடமாக ஸ்கிம்மர் இல்லாமல் ஓடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 300 லிட்டருக்கு மேல் தொட்டி, பத்துப் பதினைந்து மீன், அக்ரோபோரா மாதிரி கிளைவிடும் கல் பவளங்கள் என்று உங்கள் கனவு இருந்தால், பேசாமல் ஸ்கிம்மர் வாங்கிவிடுங்கள். இங்கே சொல்வது இரண்டு மூன்று மீன், மென்பவளங்கள், ஒரு சின்னத் தொட்டி போதும் என்பவர்களுக்கு. ஸ்கிம்மர் இல்லாத தொட்டி வரவு செலவு நோட்டு மாதிரி. உள்ளே போட்டது எல்லாம் ஏதோ ஒரு வழியில் வெளியே வந்தாக வேண்டும். வராதது கடனாக நிற்கும்.

தொட்டி, இடம்

60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி வாங்குங்கள். கணக்குப்படி 121 லிட்டர். மணல், பாறை போக 100 லிட்டர் தேறும். இதைவிடச் சின்னது சுலபம் என்று தோன்றும், ஆனால் தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு சின்னத் தவறுகூடப் பெரிதாக அடிக்கும். ஸ்டாண்டோடு சேர்த்து 150 கிலோவுக்கு மேல் போகும், அதனால் பழைய மேசை எதிலும் வைக்காதீர்கள். நேர் வெயில் படக்கூடாது. பின்பக்கம் தொங்கவிடும் பவர் ஃபில்டர் ஒன்று, தண்ணீரை அலைபோல் ஓடவைக்கும் சின்ன வேவ்மேக்கர் ஒன்று, பவளத்துக்கான எல்.இ.டி. விளக்கு ஒன்று. விளக்கு தினமும் 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

தண்ணீர்

வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்று பல மெஷின்களில் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும் அமைப்பு இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பாருங்கள், 60, 80 என்று காட்டும். நமக்கு 0 வேண்டும். அந்தக் கலப்பை மூடிவிட்டு, ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றை மாட்டினால் கிடைக்கும். ரெசின் தீர்ந்தால் மீட்டர் மெல்ல ஏறும், அப்போது மாற்றிவிடுங்கள்.

உப்பு என்றால் பவளத் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவை. லிட்டருக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் உப்பு. மாற்றிச் செய்தால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். ஒரு சின்ன மோட்டாரைப் போட்டுச் சில மணி நேரம் சுழலவிடுங்கள். உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி எண் 1.026. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்ப்பதைவிட 35 பிபிடி திரவத்தில் சரிபார்ப்பது நல்லது.

தினமும் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதிலாக உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும். உப்பு எங்கேயும் போகவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினம் காலையில் அந்தக் கோடுவரை நிரப்புங்கள்.

மெரினாவில் போய் கேனில் பிடித்து வரலாமே என்பார்கள். ஊர்ச் சாக்கடை கலக்கும் கரையோரத் தண்ணீர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளவும் இறங்கிவிடும்.

பாறை

தொட்டியின் உண்மையான ஃபில்டர் பாறைதான். துளைத்துளையாக இருக்கும் பாறையின் மேற்புறத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிராணவாயு எட்டாத உள்துளைகளில் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டில் ஒரு பங்கை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்புகின்றன. 100 லிட்டருக்கு 8 முதல் 10 கிலோ போதும். சுவர் மாதிரி அடுக்காமல், பின்னாலும் அடியிலும் தண்ணீர் ஓடும்படி இரண்டு குன்றாக வையுங்கள். தண்ணீர் ஓடாத மூலையில் அழுக்கு தங்கும், அதை இழுத்துப்போக நம்மிடம் ஸ்கிம்மர் இல்லை. கீழே அரகோனைட் என்னும் சுண்ணாம்பு மணல் 2, 3 செ.மீ. மட்டும்.

செயற்கையாகச் செய்த பாறையே வாங்குங்கள். ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் போகும்போது கரையில் கிடக்கும் பவளத்துண்டை எடுத்து வரும் ஆசை யாருக்கும் வரும். கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கும் அளவு பாதுகாப்பில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளத்திட்டுகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டோம். செத்த துண்டு என்றாலும் தொடாதீர்கள்.

காத்திருப்பு

பாறை, மணல், உப்புத் தண்ணீர் எல்லாம் வைத்து மோட்டாரை ஓடவிட்டதும் உடனே மீன் வாங்கக்கூடாது. ஓர் இறால் துண்டை உள்ளே போடுங்கள், அல்லது அம்மோனியம் குளோரைடு விட்டு அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஆக்குங்கள். சில நாள் அம்மோனியா நிற்கும், பிறகு நைட்ரைட் ஏறும், பிறகு இரண்டும் விழுந்து நைட்ரேட் தெரியும். மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா விட்டால் 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆக வேண்டும். அதுதான் பரீட்சை.

அப்புறம் மணல்மேல் பழுப்புப் பொடி படியும், அடுத்து பச்சை முடி மாதிரி பாசி வரும். புதிதாக வைப்பவர்களில் பாதிப் பேர் இந்தக் கட்டத்தில்தான் தொட்டியை விற்றுவிடுகிறார்கள். இது எல்லாத் தொட்டிக்கும் வரும் பருவம்தான், முகப்பரு மாதிரி. நாலைந்து டிரோகஸ் நத்தைகளை விடுங்கள், விளக்கு நேரத்தைக் கொஞ்சம் குறையுங்கள், கைக்கு வருவதைப் பிடுங்குங்கள்.

மீன்

100 லிட்டருக்கு ஒரு ஜோடி கோமாளி மீன், கோபி என்னும் சின்ன மீன் ஒன்று. மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டாங் வகை மீன்களுக்கு நீந்த இடமும் போதாது, அவை போடும் கழிவுக்கு நம் கணக்கிலும் இடமில்லை. கோமாளி மீன் வாங்கும்போது குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்ததா என்று கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் இவற்றைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்திருக்கிறார்கள். கடலில் பிடித்ததைவிட வளர்ப்புக் குஞ்சு தீனியும் சட்டென்று எடுக்கும், நோயும் குறைவு. மூன்றையும் ஒரே நாளில் விடாமல், இடையில் இரண்டு மூன்று வாரம் விட்டு விடுங்கள்.

தீனி

ஸ்கிம்மர் இல்லாத தொட்டி பெரும்பாலும் கெடுவது தீனியால்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் வருடம் பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போனோம். அடுத்த வீட்டு அக்காவிடம் சாவியும் தீனி டப்பாவும் கொடுத்து, “தினமும் ஒரு சிட்டிகை போதும்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் தண்ணீர் பால் கலந்த மாதிரி இருந்தது. பாறை இடுக்கில் வெள்ளைப் பூசணம். மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. “என்னைப் பார்த்ததும் ஓடி வந்து வாயைத் தொறக்குதுங்க தம்பி, பாவமா இருந்துச்சு, அதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போட்டேன்” என்றார் அக்கா. அவர்மேல் என்ன தப்பு? சிட்டிகை என்று சொன்னது நான். அன்றிரவே 40 லிட்டர் மாற்றினேன். இரண்டு மீன் பிழைத்தன, ஒன்று போய்விட்டது.

அதற்குப் பிறகு, பெரியவர்கள் மாத்திரை போட்டு வைப்பார்களே, திங்கள் செவ்வாய் என்று கட்டம் போட்ட டப்பா, அதை வாங்கினேன். ஒவ்வொரு கட்டத்திலும் 12 குருணை. மீனுக்கு நாலு. ஊரில் இருந்தாலும் அதிலிருந்துதான் போடுகிறேன். நாலைந்து நாள் என்றால் ஆரோக்கியமான வளர்ந்த மீன் பட்டினி தாங்கும், யாரிடமும் சாவி கொடுக்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை மைசிஸ் என்னும் உறைந்த பொடி இறால் கொடுக்கலாம். டீ வடிகட்டியில் கரையவிட்டு அலசிப் போடுங்கள். அலசுவதால் பாஸ்பேட் பெரிதாகக் குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், பெரும்பங்கு சதைக்குள்ளேயேதான் இருக்கிறது. அளவைக் குறைத்தால்தான் உண்டு.

தண்ணீர் மாற்றும் கணக்கு

வாரம் 10 விழுக்காடு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தொட்டியில் வாரத்துக்கு நைட்ரேட் 2 பிபிஎம் ஏறுகிறது. வாரம் 10 விழுக்காடு மாற்றுகிறீர்கள். எங்கே போய் நிற்கும்? 20-இல். ஏனென்றால் 20-இல் பத்தில் ஒரு பங்கை எடுத்தால்தான் 2 குறையும், அடுத்த வாரம் அதே 2 ஏறும். 10 விழுக்காடு மாற்றினால் வார ஏற்றத்தைப்போல் பத்து மடங்கில் நிற்கும், 20 விழுக்காடு மாற்றினால் ஐந்து மடங்கில் நிற்கும். இந்த இரண்டு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் நைட்ரேட்டை 10-க்குக் கொண்டுவர இரண்டு வழி. வாரம் 20 லிட்டர் தூக்கலாம், அல்லது ஏற்றத்தை 2-லிருந்து 1 ஆக்கிவிட்டு 10 லிட்டரே தூக்கலாம். முதுகு வலி உள்ளவர்கள் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குத்தான் எண்ணிப் போடும் தீனி, அடுத்துச் சொல்லப்போகும் பஞ்சு, பாசிப் பெட்டி எல்லாம்.

புதுத் தண்ணீரின் உப்பளவும் சூடும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். பழைய தண்ணீரை எடுக்கும்போதே மெல்லிய குழாயால் பாறை இடுக்கின் வண்டலை உறிஞ்சி எடுங்கள். அதற்கு முன் கோழிக்கறிக்கு எண்ணெய் தடவும் பிளாஸ்டிக் பீச்சுக்குழாயால் பாறைமேல் தண்ணீரைப் பீச்சினால் வண்டல் கிளம்பும். நான் அடுப்படியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு, புதிதாக ஒன்று வாங்கினேன்.

பஞ்சும் கரியும்

பவர் ஃபில்டருக்குள் வெள்ளைப் பஞ்சு வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து எறிந்துவிட வேண்டும். பஞ்சில் சிக்கிய அழுக்கு இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, எறிந்தால்தான் கணக்கில் செலவு. இரண்டு வாரம் அப்படியே விட்டால் அதுவே நைட்ரேட் ஆலையாகிவிடும். ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவும் வேலைக்குப் பதில் இந்த வேலை, சோம்பல் பட முடியாது.

பஞ்சோடு ஒரு சின்னப் பையில் ஆக்டிவேட்டட் கார்பன். மென்பவளங்கள் பக்கத்துப் பவளத்தை அண்டவிடாமல் வேதிப்பொருள்களைக் கசியவிடும், ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் அவை சேர்ந்துகொண்டே போகும். தண்ணீர் மஞ்சளடிப்பதையும் கரி எடுத்துவிடும். மாதம் ஒருமுறை மாற்றுங்கள், போடும்முன் கருந்தூள் போகக் கழுவுங்கள்.

பாசிப் பெட்டி

கீட்டோமார்ஃபா என்று ஒரு கடற்பாசி, பச்சை நைலான் பிரஷ் மாதிரி சுருண்டிருக்கும். தொட்டிக்குப் பின்னால் தொங்கும் இன்னொரு பெட்டியில் அதைப் போட்டு, சாதாரண 6500 கெல்வின் எல்.இ.டி. பல்பை மாட்டுங்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று அது வளரும். பெட்டி நிறைந்ததும் பாதியைக் கிள்ளி எறியுங்கள். நீங்கள் கையில் பிடித்திருக்கும் அந்தப் பச்சைக் கொத்துதான் நம் ஸ்கிம்மர் கோப்பை, நாற்றமில்லாதது.

பல்பை இரவில் எரியவிடுங்கள். இரவில் பவளமும் பாசியும் கரியமிலவாயுவை விடுவதால் பிஹெச் இறங்கும். ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திய அறையில் இன்னும் இறங்கும். பெட்டியில் அந்த நேரம் பாசி ஒளிச்சேர்க்கை செய்தால் அந்த இறக்கம் குறையும். இன்னொரு லாபம், பாசிக்குள் கோபிபாட் என்கிற பொடிப் பூச்சிகள் பெருகித் தொட்டிக்குள் போய் மீனுக்கும் பவளத்துக்கும் இரையாகும். கடல் திராட்சை எனப்படும் காலெர்பா வகையைத் தவிர்க்கலாம். அது சில சமயம் ஒரே இரவில் இனப்பெருக்கம் செய்து கரைந்து, தின்றதையெல்லாம் தண்ணீரிலேயே கக்கிவிடும்.

மூச்சு, சூடு, கரண்ட்

ஸ்கிம்மர் காற்றையும் கலக்கித் தந்துகொண்டிருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாத தொட்டியில் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் படியும், பிராணவாயு உள்ளே இறங்குவது குறையும். வேவ்மேக்கரின் முகத்தைக் கொஞ்சம் மேலே திருப்பி, மேற்பரப்பு எப்போதும் சிலிர்த்துக்கொண்டிருக்கும்படி வையுங்கள். படலம் ஏற்கெனவே இருந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒரு டிஷ்யூ பேப்பரை மேலே படரவிட்டு மெல்லத் தூக்குங்கள். இரண்டு மூன்று தாளில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

வெப்பம் 25 முதல் 27 டிகிரி நல்லது. சென்னையின் மே மாதத்தில் என் தொட்டி 31-ஐத் தொடும். தண்ணீர்மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் காற்றில் ஈரம் கூடிய நாளில் அவ்வளவு இறங்காது. 29-க்குக் கீழே வரவில்லை என்றால் சில்லர் என்னும் குளிர்விக்கும் கருவிதான், வேறு வழியில்லை. சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும் என்பதால் நமக்கு இது இரட்டை அடி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் இரண்டு இருந்ததால் தப்பினோம். அதில் ஒன்றையும் உபரி செல்களையும் இன்றே வாங்கி வையுங்கள். கரண்ட் இல்லாதபோது தீனி போடாதீர்கள்.

பவளம்

மூன்று மாதம் நைட்ரேட், பாஸ்பேட் எண்கள் ஆடாமல் நின்ற பிறகு காளான் பவளம், ஜோவாந்தஸ், கிரீன் ஸ்டார் பாலிப், தோல் பவளம் என்று தொடங்குங்கள். கொஞ்சம் சத்துள்ள தண்ணீரை இவை விரும்புகின்றன, அதனால் நம் தொட்டி இவற்றுக்குத் தோதானது. கிரீன் ஸ்டார் பாலிப்பைத் தனிக்கல்லில் வையுங்கள், இல்லாவிட்டால் தொட்டி முழுவதையும் பட்டா போட்டுக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து வந்தவை என்றாலும் ரசீதும் தாள்களும் கேட்டு வாங்குங்கள்.

ஜோவாந்தஸைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் சிலவற்றில் பேலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய பாறையைக் கொதிக்கவைக்கவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1300 பிபிஎம் பக்கம். மென்பவளம் மட்டும் இருந்தால் வாரம் மாற்றும் தண்ணீரே இவற்றை ஈடுகட்டிவிடும்.

எண்களைப் படிப்பது

வாரம் ஒருமுறை நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டும் 0 என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். பவளம் வெளிறும், டைனோஃபிளாஜலேட் என்னும் சளிபோன்ற பழுப்புப் படலம் குமிழி விட்டுக்கொண்டு மணலை மூடும். அப்போது பாசியை அதிகமாகக் கிள்ளி, தண்ணீர் மாற்றுவதைக் குறைத்து, தீனியை ஒரு குருணை கூட்ட வேண்டும்.

நைட்ரேட் ஏறினால் வோட்காவோ வினிகரோ சொட்டுச் சொட்டாக விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது ஸ்கிம்மர் உள்ளவர்களின் வைத்தியம். பாக்டீரியாவைப் பெருக்கி, அந்தப் பாக்டீரியாவை ஸ்கிம்மரால் வெளியே எடுப்பதுதான் அதன் சூட்சுமம். எடுக்க ஆளில்லாமல் பெருக்கினால் அது பிராணவாயுவைத் தின்று, காலையில் மீன் மிதக்கும்.

நைட்ரேட் தொடர்ந்து 25-க்கு மேல் நின்றால் இந்த வரிசையில் பாருங்கள். தீனியை எண்ணினீர்களா? பஞ்சைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பாசி வளர்கிறதா? பாறைக்குப் பின்னால் வண்டல் இருக்கிறதா? எல்லாம் சரியாக இருந்தும் மூன்று மாதம் எண் இறங்கவில்லை என்றால் ஒரு மீனை நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்க மனம் வரவில்லையா, சரி, அந்த மீனுக்காக ஒரு ஸ்கிம்மர் வாங்கிவிட வேண்டியதுதான்.